பதில் வராவிட்டால் பாஸ்

என் மகனின் கையில் தோலை வெட்டி எடுக்க டாக்டர் கொண்டுவந்த கருவியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. கம்பெனி ஞாபகம்தான் வந்தது. பனியன் துணியின் கனம் பார்க்க எங்களிடம் ஒரு வட்டக் கட்டர் உண்டு. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் வட்டமாக ஒரு துண்டு வெட்டுப்பட்டு வரும். அதை எடை போட்டு எழுதுவோம். டாக்டர் கையில் இருந்தது அதன் குட்டி. முன்கையில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, வைத்து, திருகி எடுத்தார். பாசிப்பயறு அளவுக்கு ஒரு துண்டு. ரோஸ் நிறத் தண்ணீர் இருந்த சின்னக் குப்பிக்குள் அதைப் போட்டு மூடினார்.

அப்போது எனக்குப் பல்லடம் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில், சாம்பிள் செக்‌ஷனில் வேலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். வீட்டுக்காரர் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவர் எனக்குச் சொந்த மாமன் மகன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் எங்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். “சொந்தத்துல கல்யாணமா?” என்பார்கள். ஆமாம் என்றதும் பேனாவை மூடிவிடுவார்கள். திருடனே வந்து ஒப்புக்கொண்டான், இனி விசாரணை எதற்கு என்பதுபோல ஒரு முகம். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்துப் பிள்ளைக்கு நோய் செய்துகொடுத்த மாதிரி. எங்கள் ஊரில் மாமன் மகனைக் கட்டாதவளைத்தான் ஏன் என்று கேட்பார்கள்.

மகனுக்கு அப்போது ஆறு வயது. ஐந்து வயதுவரை நன்றாகத்தான் ஓடினான். பிறகு படி இறங்கத் தடுமாறினான். “கீழ பாத்து எறங்குல” என்று அவனை எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். அவனால் கண்ணைக் கீழே இறக்கவே முடியவில்லை என்பது எனக்குத் தெரியாது. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. சிரித்தால் விழுந்துவிடுவான். வாய்விட்டுச் சிரித்த அந்த நொடியே முழங்கால் மடங்கித் தரையில் கிடப்பான். எங்கள் ஒற்றை அறை வீட்டில் பிள்ளையைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. என் தங்கை எங்களோடுதான் இருந்தாள், அதே கம்பெனியில் செக்கிங்கில். அவளுக்குத்தான் அந்தச் சட்டம் அடிக்கடி மறந்துபோகும். அவனைச் சிரிக்க வைத்துவிட்டு, அவளே ஓடிப்போய்த் தாங்கிப் பிடிப்பாள்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் நோயின் பெயரையாவது சொன்னார்கள். இரண்டு வெள்ளைக்கார டாக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். அதுதானா என்பது சந்தேகம், தோலை வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகும், ஆறு மாதம் ஆகும் என்றார் டாக்டர். அதுவாக இருந்தால் வம்சத்தில் வருகிற நோய். தகப்பனிடம் ஒரு குறை, தாயிடம் அதே குறை, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்துவிட்டால் நோய். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

ஆங்கிலத்தில் நாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் நர்ஸ் விரலை வைத்தாள். நான் போட்டேன். கம்பெனியில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற பிள்ளைகளைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறவள் நான். அன்று மடியில் கைக்கட்டோடு பிள்ளை இருந்தான், போட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றை விடவில்லை. சாம்பிள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. பனியன் வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு ஒரு சாம்பிள் போனால், அதே துணியில் அதே அளவில் இன்னொன்று எங்களிடம் இருக்க வேண்டும். அதற்குக் கவுண்டர் சாம்பிள் என்று பெயர். இரண்டிலும் ஒரே நம்பர் எழுதிய அட்டை தொங்கும், இரண்டு பக்கத்துக் கையெழுத்தும் இருக்கும். நாளைக்கு அவன் ‘நீ அனுப்பியது இது இல்லை’ என்று சொல்ல முடியாது. கவுண்டர் சாம்பிள் இல்லாமல் ஒரு சாம்பிளும் கேட்டைத் தாண்டாது.

“ஒண்ணு வெளிய போனா அதுக்குச் சோடி ஒண்ணு எங்ககிட்ட இருக்கணும் சார்” என்றேன்.

டாக்டர் சிரித்தார். “இன்னொரு துண்டு வெட்டித் தரட்டுமாம்மா?”

துண்டு வேண்டாம், நம்பரையாவது எழுதிக் கொடுங்கள் என்று கைப்பையிலிருந்து ஒரு வெற்று சாம்பிள் அட்டையை எடுத்து நீட்டினேன். குப்பியில் ஒட்டியிருந்த நம்பரை அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நானும் போட்டேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

சாம்பிள் போனபிறகு, குறை இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுதவேண்டும் என்று பையருக்கு ஒரு கெடு வைப்போம். கெடுவுக்குள் ஒன்றும் வரவில்லையென்றால் பாஸ். கப்பல் யாருக்காகவும் நிற்காது. எங்கள் மேனேஜர் பல்லடத்துக்காரர், அதட்டக்கூடத் தெரியாத மனிதர். “கமெண்ட்ஸ் வரலீங்களா அம்மணி? அப்பப் பாஸுன்னு வெச்சுக்கங்க. கட்டிங் போடச் சொல்லிருங்க” என்பார். பல வருஷம் அப்படியே வேலை செய்து எனக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது.

ஆறு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ரிசல்ட் வரவில்லை. ஒன்பதாம் மாதம் நேரில் போனேன். அந்த டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார், ரிசல்ட் வரவில்லை. ஒரு வருஷம் தாண்டியும் அதே பதில்.

அந்தச் சமயத்தில்தான் மாமன் வீட்டில் என் தங்கையைக் கேட்டார்கள். மாப்பிள்ளை என் வீட்டுக்காரரின் தம்பி. நல்ல பையன், அவளுக்கும் பிடிக்கும். ஆனால் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ரத்தத்தில் என்ன ஓடுகிறதோ அதேதான் அவர்கள் இருவருக்குள்ளும் ஓடக்கூடும். மகனுக்கு வந்தது வம்சத்தில் வந்ததா, அல்லது பிரசவத்தில் இழுத்துக்கொண்டு கிடந்தேனே, அதில் ஆனதா என்பதுதான் கேள்வி. ஊரில் எல்லோரும் பிரசவத்தைத்தான் சொன்னார்கள். அம்மா போனில் என்னையே கேட்டாள்.

“நீதான ஆஸ்பத்திரிக்கு அலையுத. நீ என்னத்தச் சொல்லுத?”

நான் யோசிக்காமல் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். யோசித்துத்தான் அந்த முட்டாள்தனத்தைச் சொன்னேன். “வம்சத்துக் குறையா இருந்திருந்தா இதுக்குள்ள சொல்லியிருப்பாக. ஒண்ணர வருசம் ஆகப் போவுது, ஒண்ணும் சொல்லலன்னா ஒண்ணும் இல்லைன்னுதான அர்த்தம். பண்ணுங்க.”

கல்யாணம் நடந்தது. மகன் பந்தலில் என் மடியில் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனால் தனியாக உட்கார முடியாது. அடுத்த மழைக்காலத்தில், எட்டு வயது முடிவதற்குள், சளி கட்டி மூச்சு நின்று போனான். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனம் இல்லை.

அவன் போன நாலாம் மாதம் தங்கைக்கு நாள் தள்ளிப்போயிற்று. அவள் சொன்னபோது என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே பயந்துவிட்டாள். “என்னக்கா?” என்றாள். நான் ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன்.

மகன் பெயரைச் சொன்னேன். அப்படி ஒரு டெஸ்ட்டே இங்கே பதிவில் இல்லை என்றார் கவுண்டரில் இருந்தவர். லீவு கிடைத்தபோதெல்லாம் போனேன், வாரங்கள் ஓடின. நாலாம் தடவை கிளம்பும்போதுதான் அந்த அட்டை ஞாபகம் வந்தது. மகனின் பள்ளிக்கூடப் பையில் பத்திரமாக இருந்தது. அட்டையை நீட்டினேன். அவர் நம்பரைப் பார்த்துவிட்டு உள்ளே போய் வேறொரு ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெயரில்லாமல் நம்பர் மட்டும் போட்ட ரிஜிஸ்தர். குப்பி பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போயிருந்தது. போன தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் இருந்தன. திரும்பி வந்ததற்கான கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்தக் கட்டம் ஏன் காலி என்று இரண்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆளும் கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு பட்டன் சாம்பிள் இரண்டு வாரம் திரும்பாவிட்டால் மூன்று பேர் வேலை ஆட்டம் கண்டுவிடும்.

நானும் வீட்டுக்காரரும் ரயிலேறிப் பெங்களூர் போனோம். தங்கைக்கு அப்போது நாலு மாதம் நடந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு டெஸ்ட் செய்ய வேண்டுமானால் எந்த இடத்தில் குறை என்று முதலில் தெரிய வேண்டும், அதுவும் ஐந்து மாதம் தாண்டுவதற்குள் தெரிய வேண்டும் என்று புதிதாக வந்திருந்த டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். தாண்டிவிட்டால், நோய் இருந்தாலும் கருவைக் கலைக்கச் சட்டம் விடாது.

ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பெண். அட்டையில் இருந்த நம்பரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“இந்த நம்பரா! எங்களோட பெஸ்ட் லைன்ம்மா இது. ரொம்ப நல்லா வளரும்.”

லைன் என்றால் எனக்குத் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடுவதுதான் தெரியும். அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள், அதில் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தோல் துண்டை வளர்த்து, வளர்ந்ததைப் பிரித்துப் பிரித்துப் பல குப்பிகளில் வளர்க்கிறார்களாம். பிறகு அந்தத் தோல் செல்லைப் பின்னுக்கு நடத்தி, கருவில் இருக்கும்போது எப்படி இருந்ததோ அப்படி ஆக்கிவிடுகிறார்களாம். அது எதுவாக வேண்டுமானாலும் வளரும். அதிலிருந்து நரம்பு வளர்த்து, நோய் அதற்குள் என்ன செய்கிறது என்று பார்க்கிறார்கள். மூளைக்குள் ஊசி போட்டு எடுத்துப் பார்க்க முடியாது அல்லவா என்றாள். மைக்ராஸ்கோப்பில் என்னைப் பார்க்கச் சொன்னாள். நீள நீளமாக நூல் இழுத்ததுபோல என்னவோ தெரிந்தது, நடுவில் புள்ளி புள்ளியாக. கொழுப்பு வெளியே போகாமல் தேங்கி நிற்கும் இடம் அது என்றாள்.

“உங்க பையன் இங்க இன்னும் உயிரோட இருக்கான்னு நெனச்சுக்கங்கம்மா.”

அன்பாகச் சொன்ன வார்த்தைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளையைப் புதைத்த இடம் எனக்குத் தெரியும். கண்ணாடித் தட்டில் இருப்பது அவன் இல்லை. அவன் என்றால் சிரித்து விழ வேண்டும், நான் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். நான் வெளியே வந்துவிட்டேன்.

வெளியே நடைச் சுவரில் ஒரு பெரிய போஸ்டர் மாட்டியிருந்தது. அதில் அதே நம்பர். எனக்கு ஆங்கிலம் பேச வராது, ஆனால் பையர் அனுப்பும் தாள்களைப் படித்துப் படித்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆறு வயது ஆண். தென்னிந்தியா. பெற்றோர் ரத்த உறவினர். அங்கேயும் அதை விடவில்லை. அதற்குக் கீழே, குறை எந்த இடத்தில் என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி, தடித்த எழுத்தில். எல்லாவற்றுக்கும் கீழே, அந்தப் போஸ்டரை வைத்த கருத்தரங்கின் மாதமும் வருஷமும்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் தங்கை கல்யாணத்துக்கு நாலு மாதம் முந்தி.

அந்த நடையில் எத்தனை பேர் டீ கிளாஸோடு அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். எங்கள் குடும்பத்து விதியை வழியில் போகிறவன் எல்லாம் படிக்கும்படி சுவரில் மாட்டிவிட்டு, எங்களுக்கு மட்டும் ‘வரவில்லை’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்காரர் அதிர்ந்து பேசாதவர். “அந்த வரிய எழுதிக்கோ” என்றார். அட்டையின் பின்பக்கத்தில், அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

கண்ணாடி அறைக்குள் இருந்த பெரியவரிடம் போய் நின்றோம். அந்தப் பெண்தான் எங்களுக்காகப் பேசினாள். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தின்படி இது ஆராய்ச்சி முடிவு, குடும்பத்துக்குக் கொடுக்கும் ரிப்போர்ட் இல்லை, எதிக்ஸ் கமிட்டி என்ற நெறிமுறைக் குழு கூடி அனுமதிக்க வேண்டும் என்றார். கமிட்டி எப்போது கூடும்? அது சில மாதத்துக்கு ஒரு தடவை கூடுமாம். தங்கைக்கு இருந்ததோ மூன்று வாரம். மேலும், யாருடைய சாம்பிள் என்று தெரியாமல் இருப்பதே உங்கள் நன்மைக்குத்தான், உங்கள் பெயர் வெளியே தெரியாது பாருங்கள் என்றார்.

“துணி பெயில் ஆனா மொதல்ல யாருக்கு சார் சொல்லுவீக?” என்று கேட்டேன். “துணி குடுத்தவனுக்குத்தான? அவன்கிட்டதான அதே நூல்ல அடுத்த துணி ஓடிக்கிட்டு இருக்கும்?”

“இது துணி இல்லைம்மா.”

“தெரியுது சார். துணியா இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாக.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தோம். அட்டையின் பின்பக்கத்து வரியைக் கோயம்புத்தூர் டாக்டரிடம் காட்டினேன். அவர் நல்லவர்தான். போஸ்டரில் பார்த்து எழுதியதை வைத்து வயிற்றில் ஊசி போட முடியாதும்மா, அவர்கள் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அன்றே செய்கிறேன் என்றார். மூன்று வாரமும் நான் கம்பெனி போனிலிருந்து தினம் பெங்களூருக்குப் பேசினேன். மேனேஜர் ஒரு நாள்கூட என்ன என்று முறைக்கவில்லை. “நீங்க பேசுங்க அம்மணி, பையர் லைனுல காத்திருக்கட்டும்” என்பார்.

ஐந்து மாதம் தாண்டியது. அதற்குப் பிறகு என் தங்கை ஒரு துணி வாங்கவில்லை, ஒரு பெயர் யோசிக்கவில்லை. வளைகாப்பு வேண்டாம் என்றுவிட்டாள். என்னிடம் ஒரு நாள்கூட ‘நீதானே பண்ணச் சொன்னாய்’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு தடவை மட்டும், வயிற்றில் பிள்ளை உதைத்தபோது சிரிப்பு வந்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். “யக்கா, சிரிக்கவே பயமா இருக்கு” என்றாள்.

அனுமதிக் கடிதம் வந்தபோது அவளுக்கு ஏழு மாதம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெண் பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடி ரத்தத்தை அனுப்பி ஒரு மாதம் காத்திருந்தோம். குறை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருக்கிறது, நோய் வராது என்றார்கள். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பெங்களூர்ப் பெரியவர் போன் போட்டு, எங்கள் ஆராய்ச்சி உங்கள் குடும்பத்துக்குப் பயன்பட்டதில் மகிழ்ச்சி என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது இதுதான். நாலில் ஒன்று எங்கள்மேல் விழவில்லை, அவ்வளவுதான். அதற்கு அந்தக் கட்டடத்தில் இருக்கும் யாரும் மாலை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பிள்ளை தவழ ஆரம்பித்த சமயம் அவர்களிடமிருந்து கம்பெனி விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மேனேஜர்தான் படித்துச் சொன்னார். இறந்துபோன என் மகனின் தோலிலிருந்து உண்டாக்கிய செல்களை வேறு நாட்டு ஆராய்ச்சிக்கூடங்களுக்கும் அனுப்பப்போகிறார்கள். மருந்துகளை முதலில் அதில் போட்டுப் பார்ப்பார்களாம். கடைசிப் பத்திக்கு வந்ததும் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்கம்மா, முப்பது நாளுக்குள்ள மறுப்பு வரலீன்னா உங்க சம்மதமா எடுத்துக்குவாங்களாமுங்க. மௌனம் சம்மதம்ங்கற கணக்குங்க. நம்ம பையர் கெடு மாதிரியேதானுங்க இருக்குது.”

நான் கடிதத்தை வாங்கிக்கொண்டு என் டேபிளுக்குப் போனேன். அனுப்பாதே என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கேயோ ஒரு தாய் தன் பிள்ளையைச் சிரிக்க விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு அந்த மருந்து வேண்டும். என் மகனின் தோல் அதற்கு உதவட்டும். ஆனால் அந்தக் கடைசிப் பத்தியை என்னால் பாஸ் பண்ண முடியவில்லை.

செக்கிங்கில் பனியனில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் டிராயரில் இருந்தது. அந்தப் பத்திக்கு நேராக ஒன்றை ஒட்டினேன். ஓரத்தில் தமிழிலேயே எழுதினேன். இந்தச் செல்லில் எங்கே, யார், எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் எங்களுக்குச் சொல்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அதன்பிறகு என் கையெழுத்து வரும். கீழே மகனின் நம்பரை எழுதி, பக்கத்தில் அவன் பெயரையும் எழுதினேன். கவுண்டர் சாம்பிளாக ஒரு ஜெராக்ஸ் எடுத்து அட்டையோடு சேர்த்து வைத்தேன். உறையை ஒட்டுவதற்கு முன்னால் இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.

‘உங்களுக்கும் முப்பது நாள்தான். பதில் வராவிட்டால் பெயில்.’